கையின் நிறம் (கடிதம்)

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் தொடக்கப்பள்ளி ஓவிய ஆசிரியை. நான்காம் வகுப்புக்கு இணையவழியில் பாடம் எடுக்கிறேன். ‘நான் யார்’ என்ற தலைப்பில் கைபேசியிலோ கணினியிலோ வரைந்து அனுப்பச் சொன்னேன். 22 படங்கள் வந்தன. 17 படங்களில் செயலியே தரும் பொம்மை முகம், சுற்றிலும் இதயங்கள், நட்சத்திரங்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. பாதிப் பேர் கேமராவையும் திறப்பதில்லை. குழந்தைகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லையா, நான் கேட்ட விதம் தவறா?

க.

அன்புள்ள க.,

கேட்ட விதம்தான். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ‘நீ யார்’ என்றால், டீச்சருக்கு எது பிடிக்கும் என்றுதான் யோசிக்கும். நாமும் அப்படித்தானே? ‘அடையாளம்’ என்ற சொல்லே பிறர் நம்மைக் கண்டுகொள்வதற்கான குறி. வழி தவறாமலிருக்க மரத்தில் போடும் வெட்டும் அடையாளம்தான். அந்த வெட்டு மரத்துக்காகப் போட்டதில்லை.

பொம்மை முகத்தில் பிள்ளை எதையும் வரைவதில்லை. இருக்கிற மூக்குகளில் ஒன்று, இருக்கிற முடிகளில் ஒன்று என்று பொறுக்குகிறது. அடுத்த வகுப்பில் அதை மூடிவைத்துவிட்டு, கையிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

பெரும்பாலான ஓவியச் செயலிகளில் சொட்டுக்குழாய் வடிவில் ஒரு கருவி இருக்கும். படத்தில் தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துத் தரும். சன்னல் வெளிச்சத்தில் தன் கையைப் படம் எடுத்து, புறங்கை, விரல் முட்டி, உள்ளங்கை, நகம், விரலிடுக்கு என ஐந்து இடங்களில் தொடச் சொல்லுங்கள். ஐந்து கட்டங்களில் ஐந்து நிறம் வந்து நிற்கும். இடுக்கில் எடுத்த நிறத்தைத் தனியாகப் பார்த்தால் கை என்றே சொல்ல முடியாது. ‘தோல் நிறம்’ என்று ஒரே நிறம் கிடையாது என்பதை அதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 1962 வரை ஒரு வெளிர் வண்ணக்குச்சிக்கு ‘சதை’ என்று பெயர் வைத்திருந்தது. பிறகுதான் ‘பீச்’ என்று மாற்றியது. இமோஜிகளுக்கு ஐந்து தோல் நிறங்கள் வந்ததே 2015இல். வெயிலில் யாருடைய தோல் எவ்வளவு எரியும், எவ்வளவு கருக்கும் என்று ஒரு தோல் மருத்துவர் வகுத்த அளவுகோலைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். எங்கோ யாரோ உட்கார்ந்து முடிவு செய்த நிறங்கள் என்றால் அவர்களுக்கு நன்றாகப் புரியும். தங்கள் ஐந்து நிறங்களுக்கும் அவர்களே பெயர் வைக்கட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். எல்லோருடைய நிறங்களையும் ஒரே திரையில் வரிசையாக வைத்துவிடாதீர்கள். ‘யார் அதிக வெளுப்பு’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

முகத்தை அதன் பிறகும் தள்ளிப்போடலாம். 1590 வாக்கில் ஆர்ச்சிம்போல்டோ என்ற இத்தாலிய ஓவியர் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபைப் பழங்களும் காய்களும் பூக்களுமாகவே வரைந்தார். பேரிக்காய்தான் மூக்கு. அதைக் காட்டிவிட்டு, தினமும் தன் கை படுகிற பொருட்களை வைத்து ஒரு முகம் செய்யச் சொல்லுங்கள். புகைப்படமாகக் கேட்காதீர்கள், வரையச் சொல்லுங்கள். புகைப்படம் என்றால் வீட்டில் இருப்பதும் இல்லாததும் சேர்ந்தே வந்துவிடும்.

கேமராவும் அதனால்தான் மூடியிருக்கிறதோ என்னவோ. பின்னால் இருக்கும் சுவர், தூங்குகிற தாத்தா, கைபேசிக்காகக் காத்து நிற்கும் தம்பி. ஒரு பிள்ளை எதைக் காட்டக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறது என்றால், உங்கள் பாடத்தின் பாதியை அது முடித்துவிட்டது. விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கடைசியாகச் செய்ததை நீக்கிவிடும் அன்டூ பொத்தான். காகிதத்தில் ரப்பரால் அழித்தால் தடம் கொஞ்சம் மிஞ்சும். திரையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் நடுநடுவே மூன்று முறை தனித்தனிப் பிரதியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். கடைசிப் படத்தைவிட இரண்டாவது பிரதியைத்தான் நான் பார்ப்பேன். மூன்றாவதில் பெரும்பாலும் அம்மாவின் விரல் பட்டிருக்கும். கண்கள் திடீரென்று ஒரே அளவாகிவிட்டால் அதுதான் சாட்சி.

அது சரி, 22இல் 17 போக மீதி ஐந்து படங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. அவற்றில் என்ன இருந்தது?