அதே மரம், நாற்பது படங்கள்

வாசகர் கேள்வி: ஐந்து ஆண்டுகளாக ஒளிப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறேன். வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள்தான் படம் எடுக்க முடிகிறது. தொடக்கத்தில் எதைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றியது. இப்போதோ கேமராவோடு வெளியே போய், ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பும் நாட்களே அதிகம். தெருமுனையில் நிற்கும் ஒரு மரத்தை மட்டும் நாற்பது முறை எடுத்திருக்கிறேன். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. புதிய லென்ஸ் ஒன்று வாங்கிப் பார்த்தேன். இரண்டு வாரங்களில் அந்த உற்சாகமும் வடிந்துவிட்டது. இனி அழகான இடங்களுக்குப் பயணம் போனால்தான் நல்ல படம் கிடைக்குமா? அல்லது எனக்குள் இருந்ததே அவ்வளவுதானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவ்வளவுதான் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மரத்திடம் நாற்பது முறை திரும்பிப் போன ஒருவருக்கு ஆர்வம் வற்றிவிட்டது என்று எப்படிச் சொல்வது? உங்களுக்கு நேர்ந்திருப்பது வேறொன்று. அதைக் கண்டுபிடிக்க நீங்கள் வெளியே போகக்கூட வேண்டியதில்லை. அந்த நாற்பது படங்களையும் கணினியில் திறந்து, ஒவ்வொரு கோப்போடும் கேமரா பதிந்து வைத்திருக்கும் விவரங்களைப் படித்துப் பாருங்கள். எடுத்த நேரம், காட்சியை எவ்வளவு நெருக்கிக் காட்டினீர்கள் என்பதைச் சொல்லும் லென்ஸின் மில்லிமீட்டர் அளவு, ஷட்டர் வேகம் ஆகியவை அங்கே இருக்கும். வேலை முடிந்து வருபவர் நீங்கள் என்பதால், பெரும்பாலான படங்கள் மாலையின் ஏதோ ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். கேமரா பதியாத இன்னொரு விவரமும் உண்டு: ஏறத்தாழ எல்லாப் படங்களையும் நின்றபடி, உங்கள் கண் உயரத்திலிருந்து, வழக்கமாக நிற்கும் அதே இடத்திலிருந்து எடுத்திருப்பீர்கள். மரம் ஒன்றே என்பதால் அந்தப் படங்கள் ஒன்றுபோல் ஆகிவிடவில்லை. நேரமும் உயரமும் தூரமும் மாறாமல் இருந்ததால்தான் ஆயின.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இடத்தை மாற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள். பயணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புதிய ஊரில் கிடைக்கும் உற்சாகம் பெரும்பாலும் அந்த ஊரின் உற்சாகம். திரும்பி வந்த மூன்றாம் நாள் நீங்கள் இதே தெருமுனையில், இதே கேள்வியோடு நிற்பீர்கள். புதிய லென்ஸ் இரண்டு வாரம் தாங்கியதும் அதே காரணத்தால்தான்.

வசதி இருந்தும் நல்ல காட்சி தேடி அலையாமல், வீட்டை விட்டு நகராமலே பெரும் பணி செய்தவர்கள் ஒளிப்படக் கலையின் வரலாற்றில் பலர் இருக்கிறார்கள். சொல்லப்போனால் அந்த வரலாறே ஒரு சன்னலில்தான் தொடங்குகிறது. கேமராவால் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படம், பிரான்ஸில் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து பதிவு செய்த கூரைகளும் சுவர்களும்தான். ஒளியைப் பதிய அந்தத் தகட்டுக்குப் பல மணி நேரம் பிடித்தது. அதற்குள் சூரியன் வானத்தைக் கடந்துவிட்டதால், முற்றத்தின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்திருப்பதை அந்தப் படத்தில் காணலாம். ஒரு பகல் முழுவதும் ஒரே சட்டகத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் மரத்தைப் பற்றிப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஜோசெஃப் சுடெக். முதல் உலகப் போரில் ஏற்பட்ட காயத்தால் வலக்கையை இழந்த அவர், செக் நாட்டின் பிராக் நகரில், கனமான பெரிய கேமராக்களை ஒற்றைக் கையால் கையாண்டு வாழ்நாள் முழுவதும் படம் எடுத்தார். 1940-இல் தொடங்கி 1954 வரை, தம் பணிக்கூடத்தின் சன்னலையும் அதற்கு வெளியே நின்ற, முறுகி வளைந்த ஒரு மரத்தையும் அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் நீர்த்துளிகள் வழிந்த நாளில் மரம் கரைந்துபோன கோடாகத் தெரியும். உறைபனி படிந்த நாளில் மரமே மறைந்து கண்ணாடி மட்டும் ஒளிரும். பதினான்கு ஆண்டுகள், ஒரு சன்னல், ஒரு மரம். அந்தப் படங்களை வரிசையாகப் பார்க்கிறவருக்கு ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்ற எண்ணமே வராது. நாற்பதோடு நிறுத்திவிட நினைக்கும் உங்களிடம் அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இனி நேரத்தைப் பற்றி. சூரியன் மணிக்கு 15 பாகை வானில் நகர்வது போல நமக்குத் தோன்றுகிறது. அது 45 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு கம்பத்தின் நிழல் கம்பத்தின் நீளமே இருக்கும். 30 பாகைக்கு இறங்கினால் ஒன்றே முக்கால் மடங்கு. 10 பாகைக்கு இறங்கினால் ஐந்தரை மடங்குக்கும் அதிகம். அதாவது பொழுது சாயும் கடைசி நேரத்தில் நிழல்கள் கண்ணெதிரே ஓடுகின்றன. அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் நீங்கள் பார்க்க வந்த காட்சி போய்விட்டிருக்கும். ஆனால் வேறொன்று வந்திருக்கும். ஒளி கிடையாக வருவதால், நடுப்பகலில் வெறும் சமதளமாகத் தெரிந்த சுவரின் ஒவ்வொரு கீறலும் தனக்கென ஒரு நிழலோடு எழுந்து நிற்கும். நீங்கள் அறிந்த மாலை நேரம் இது. நீங்கள் அறியாதது அதே சுவரின் விடியல். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒளியில் கீறல்களின் நிழல் மறுபுறம் விழும். சூரியன் உதிக்கும் இடமும் மறையும் இடமும் ஆண்டு முழுவதும் அடிவானத்தில் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு மாதத்தில் இரு கட்டடங்களின் இடைவெளி வழியே தெருவுக்குள் நுழையும் கதிர், அடுத்த மாதம் அந்த வழியில் வராது. என் வீட்டுக்கு எதிரே உள்ள ஒரு சுவரை ஓராண்டு கவனித்தபோது, அதன் மூலையில் இருந்த ஒரு குழாய்க்கு வெயில் படும் நாட்கள் சில வாரங்கள்தான் என்று தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சுவரை என்னால் அலட்சியமாகக் கடக்க முடிந்ததில்லை.

மேகம் மூடிய நாளில் வெளியே போவதில்லை என்று பலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அப்போது வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகி, நிழல் இல்லாத மென்மையான ஒளியைத் தருகிறது. இலைகளின் நிறமும் மனித முகங்களும் அந்த ஒளியில்தான் மிக இயல்பாக வருகின்றன. சட்டகத்தில் வெளிறிய வானத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். மூடுபனி கிடைத்தால் அதை விடவே கூடாது. அருகில் உள்ளது அடர்த்தியாகவும், தொலைவில் உள்ளது படிப்படியாக வெளிறியும் தெரிவதால், கூட்டமாகக் கிடக்கும் ஒரு தெரு தானாகவே அடுக்கடுக்காகப் பிரிந்துகொள்ளும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கருதிக்கொள்ளும். ஆகவே மூடுபனியையும் வெள்ளைச் சுவரையும் மங்கலாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, கூட்டினால் வெண்மை திரும்பி வரும்.

உயரத்துக்கு வருகிறேன். மழை விட்ட பிறகு தேங்கும் நீரை நீங்கள் எடுத்திருக்கக்கூடும். நின்றபடியே எடுத்திருந்தால் அழுக்கு நீரும் தரையும்தான் கிடைத்திருக்கும். அதற்குக் காரணம் உண்டு. நேர் மேலிருந்து பார்க்கும்போது, விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காட்டை மட்டுமே நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புகிறது. பார்வையின் கோணம் நீரோடு தாழத் தாழ அந்தப் பங்கு வேகமாகப் பெருகி, கிட்டத்தட்ட முகம் பார்க்கும் கண்ணாடியின் அளவை எட்டிவிடுகிறது. ஆகவே கேமராவைத் தரையோடு தரையாக, நீரின் விளிம்பில் வையுங்கள். ஒரு கையகலத் தேக்கத்துக்குள் எதிரில் உள்ள கட்டடமும் வானமும் முழுதாக இறங்கியிருப்பதைக் காண்பீர்கள். அப்போது நீர்ப்பரப்பில் ஃபோகஸ் செய்தால் பிம்பம் மங்கிவிடும். பிம்பத்துக்கு உரிய பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அந்தத் தொலைவுக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும். சாய்ந்து திருப்பிக்கொள்ளக்கூடிய திரை உங்கள் கேமராவில் இருந்தால் முழங்கால் நனையாமல் வேலை முடியும், இல்லாவிட்டால் நனையட்டும்.

தூரத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. வாங்கிய லென்ஸைக் கொஞ்சக் காலம் உள்ளே வைத்துவிட்டு, 35 அல்லது 50 மில்லிமீட்டர் போல ஒரே அளவை மட்டும் ஒரு மாதம் பயன்படுத்துங்கள். ஜூம் வளையத்தைத் திருப்ப முடியாதபோது கால்கள் நகரத் தொடங்கும். கால்கள் நகர்ந்தால்தான் பின்னணிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு மாறும்.

ஆனால் தூரத்தில் இன்னொரு வகை இருக்கிறது: உங்களுக்கும் காட்சிக்கும் நடுவில் எதையேனும் இருக்க விடுவது. நியூயார்க்கில் சால் லைட்டர் என்ற ஒளிப்படக் கலைஞர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே பகுதியில் வாழ்ந்து, பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையே வண்ணத்தில் எடுத்தார். நீராவி படிந்த கண்ணாடி, குடையின் ஓரம், கடை வாசல் மறைப்பு என ஏதாவது ஒன்று அவருடைய சட்டகத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். மீதியிருக்கும் சிறு கீற்றில் ஒரு சிவப்பு நிறம் நகரும். காட்சியை மறைக்கும் பொருளைச் சுற்றிக்கொண்டு போகவே நாம் பழகியிருக்கிறோம். அடுத்த முறை பேருந்து நிறுத்தத்தின் கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று, அதன் வழியாகவே எடுத்துப் பாருங்கள்.

கேமராவோடு போய் எதையும் எடுக்காமல் திரும்புவதை ஒரு தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. பார்த்துவிட்டு வந்த நாளும் வேலை செய்த நாள்தான். ஆயினும் கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, அப்படிப்பட்ட நாட்களில் தலைக்கு மேலே பாருங்கள். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ், தம் படங்களின் வலிமை எடுக்கப்பட்ட பொருளிலிருந்தும் மனிதர்களிலிருந்தும் வந்ததல்ல என்று காட்ட விரும்பி, 1922-இல் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். பத்தாண்டுக்கும் மேல் நீடித்த அந்தப் பணியில் இருநூறுக்கும் மேற்பட்ட மேகப் படங்கள் சேர்ந்தன. பலவற்றில் அடிவானமோ மரமோ கூட இல்லை. மேகம் எல்லாருக்கும் பொதுவானது, அதற்கு வரி ஏதும் இல்லை என்பதே அவர் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

எடுத்தவற்றை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனெனில் சலிப்பின் பாதி அங்கேதான் பிறக்கிறது. கைப்பேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது நாற்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த நாற்பதையும் உள்ளங்கை அளவில் அச்செடுத்துத் தரையில் பரப்பி வையுங்கள். இரண்டு நாட்கள் அப்படியே கிடக்கட்டும். போகும்போதும் வரும்போதும் பார்த்தால், மூன்றோ நான்கோ படங்கள் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பதைக் கண்டுகொள்வீர்கள். அன்று என்ன வேறாக இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்: மழை வந்ததா, தாமதமாகப் போனீர்களா, யாரேனும் குறுக்கே நடந்தார்களா? விடை எதுவானாலும் அடுத்த மாதம் அதை மட்டுமே தேடிப் போங்கள். சரியில்லை என்று தோன்றும் படங்களையும் ஓராண்டு வரை அழிக்காதீர்கள். எடுத்த அன்று இருந்த ஏமாற்றம் படத்தைச் சரியாகப் பார்க்க விடாது.

தொடங்குவதற்கு அந்த மரத்தடியே போதும். வரும் விடுமுறை நாளில், எந்தக் கலைஞரும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லும் உச்சி வேளையில், வெயில் நன்றாக அடிக்கும்போது, அதன் கீழே போய் நின்று தரையைப் பாருங்கள். இலைகளின் இடைவெளிகள் ஒழுங்கற்றவையாக இருக்க, தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் மட்டும் வட்டமாக இருக்கும். ஒவ்வொரு இடைவெளியும் ஓர் ஊசித்துளைக் கேமராவாக மாறி, சூரியனின் உருவத்தையே தரையில் வரைகிறது. இலை இடைவெளி 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் வட்டம் சுமார் நாலரை சென்டிமீட்டர் அகலம் வரும். உயரம் கூடினால் வட்டமும் பெருகும். வெயில் சாய்ந்தால் நீள்வட்டமாக இழுபடும். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அத்தனை வட்டங்களும் பிறைகளாகிவிடும். நாற்பத்தோராவது படத்தை அங்கே, கீழ்நோக்கி எடுங்கள். வட்டங்கள் வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். காற்று அடங்கும்வரை காத்திருங்கள், ஏனெனில் கிளை அசைந்தால் அவையும் அசையும்.