சுண்ணாம்பு தெளித்ததுபோல் புதுப் புள்ளிகளா? காத்திருக்காதீர்கள்

உங்கள் மகளுக்கு வந்திருக்கும் வெண்புள்ளி, அதாவது தோல் திட்டுத்திட்டாக நிறமிழப்பது, அவள் தம்பிக்கு ஒட்டுமா, தொழுநோயா, உணவில் எதையாவது நிறுத்த வேண்டுமா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். தம்பிக்கு ஒட்டாது அம்மா. ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. தொழுநோயும் இல்லை, அதில் தேமல் விழுந்த இடம் மரத்துப்போகும், வெண்புள்ளியில் உணர்ச்சி அப்படியே இருக்கும். எந்த உணவையும் நிறுத்த வேண்டாம்.

ஏழு வயது மகளுக்கு இது உடம்பு முழுக்கப் பரவிவிடுமோ என்பதுதான் உங்கள் பயம். அதை இப்போதே யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முழங்கால் திட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தெளித்ததுபோல் பொடிப்புள்ளிகள் என்று, எனக்கு அதுதான் முக்கியம். விழுந்து சிராய்த்த இடமும் கோடாக வெளுத்திருக்கிறது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் நிறமி செல்களை இப்போது மும்முரமாக அழித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மாதக்கணக்கில் அசையாத திட்டு என்றால் ஆற அமரப் பார்க்கலாம். இது அப்படியல்ல. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள்.

முதலில் பரவலை நிறுத்தப் பார்ப்பார்கள். உடம்பில் உள்ள திட்டுகளுக்கு மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பு, அதுவும் இடைவெளி விட்டுக் குறிப்பிட்ட காலம்தான். வேகம் அதிகமாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை, கூடவே 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி சிகிச்சை வாரம் 2 அல்லது 3 முறை. தைராய்டு ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம்; தைராய்டு கோளாறும் வெண்புள்ளியும் சேர்ந்து வருவதுண்டு.

இமைக்குக் கொடுத்த, எதிர்ப்பு அணுக்களை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பை, புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பயம் பெரும்பாலும் உறுப்பு மாற்றம் செய்தவர்கள் அதை மாத்திரையாக விழுங்குவதை வைத்து எழுந்தது. இமைத் தோல் மெல்லியது, அங்கே ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட முடியாது என்பதால்தான் இதைத் தருகிறோம். மருத்துவரிடம் கேட்டு மறுபடி தொடங்குங்கள்.

நிறுத்த வேண்டியது கார்போக அரிசி என்ற மூலிகை விதையின் எண்ணெயை. தடவி வெயிலில் வேறு நிற்க வைத்திருக்கிறீர்கள்! அதிலுள்ள சோரலென் என்ற வேதிப்பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும்; புண்ணான இடம் மேலும் வெளுக்கும். குழந்தைத் தோலில் இப்படிச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

நிறம் திரும்பப் பொறுமை வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் பலனைக் கணிக்காதீர்கள். மயிர்க்கால்களிலிருந்துதான் நிறமி கிளம்பிவரும். வெள்ளைக்குள் கடுகளவு பழுப்புப் பொட்டுகள் தெரிந்தால் மருந்து கேட்கிறது. முகம் சீக்கிரம் தேறும், விரல் நுனி தாமதிக்கும், முடியும் வெளுத்துவிட்ட திட்டு மிகவும் சிரமம். இன்றே பகல் வெளிச்சத்தில் முழங்காலைப் படமெடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அது உதவும். எண்ணெய் தடவியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.