சங்கம் இல்லாத வீடு

வணக்கம்.

டாலஸுக்கு வடக்கே ஒரு பெரிய குடியிருப்பில் சில வருடங்களாக இருக்கிறோம். ஹெச்ஓஏ எனும் குடியிருப்புச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவதில் வருத்தமில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு கடிதம். புல் உயர்ந்துவிட்டது, குப்பைத் தொட்டி ரோட்டுக்குத் தெரிகிறது, பொங்கலுக்கு வாசலில் கட்டிய தோரணத்தைக் கழற்றுங்கள். வெறுத்துப்போய் பான்ஹம் பக்கம், ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். “ஹெச்ஓஏ கிடையாது, எல்லாம் உங்கள் இஷ்டம்” என்கிறார் ஏஜெண்ட். மனைவி தயங்குகிறாள். நான் இன்னும் ஹெச்1பி வேலை விசாவில்தான் இருக்கிறேன். நீங்களும் டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் இருப்பவர். வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாங்கலாம். ஆனால் ஏஜெண்ட் சொன்ன அந்த ‘இஷ்ட’த்தை நம்பி வாங்காதீர்கள்.

முதலில் தோரணம். அதற்காக வீடு மாற வேண்டியதில்லை. ஹூஸ்டனில் ஒரு யூதத் தம்பதியை, கதவு நிலையில் பதித்திருந்த மெசூசாவை (வேத வரிகள் எழுதிய சுருள் வைத்த சிறு பேழை) எடுக்கச் சொல்லி அவர்கள் குடியிருப்புச் சங்கம் மல்லுக்கு நின்றது. அந்தச் சண்டையின் பலனாக 2011இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது. 2021இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். மத நம்பிக்கைக்காக வீட்டில் வைக்கும் பொருளைச் சங்கம் பொதுவாகத் தடுக்க முடியாது. அடுத்த கடிதம் வந்தால் இதைச் சொல்லிப் பதில் போடுங்கள். புல்லுக்கு மட்டும் சட்டம் உதவாது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, புது வீட்டுக்கு வருவோம். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல இங்கே நிலத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி ஒரு அறிக்கை தரும். அதில் ‘ஷெட்யூல் பி’ என்று ஒரு பகுதி உண்டு. முதல் அயிட்டமே அந்த நிலத்தின் மேல் பதிவாகியிருக்கும் கட்டுப்பாடுகள்தான். சங்கமே இல்லாத மனைகளிலும் இவை இருக்கலாம். யாரோ ஒருவர் பண்ணை நிலத்தைப் பிரித்து விற்றபோது எழுதி வைத்தவை: வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது, மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து இழுத்து வந்து வைக்கும் வீடு) கூடாது, பன்றி வளர்க்கக் கூடாது. கடிதம் போட ஆள் இருக்காது, ஆனால் அதே மனைப்பிரிவில் நிலம் வைத்திருக்கும் யாரும் உங்கள் மேல் வழக்குப் போடலாம். பதிவு எண்ணை மட்டும் போட்டு அனுப்பினால் விடாதீர்கள், பத்திரத்தின் நகலையே கேட்டு வாங்கி வரி விடாமல் படியுங்கள். பழைய பத்திரமாக இருந்தால் ‘வெள்ளையர் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது’ என்ற வரிகூடக் கண்ணில் படலாம். அதை நீதிமன்றம் மூலம் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் நம் மாதிரி ஆட்களுக்குப் படிக்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

அடுத்து, வீடு ஊர் எல்லைக்குள்ளா வெளியிலா? உள்ளே என்றால் சங்கத்தின் இடத்தில் ஊர் நிர்வாகம் இருக்கும். ஃப்ளோரிடாவில் மயாமி ஷோர்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு தம்பதி பதினேழு வருடம் வீட்டு முன்னால் காய்கறி போட்டு வந்தார்கள். 2013இல் ஊர் நிர்வாகம் விதியை மாற்றி, அபராதம் என்று மிரட்டித் தோட்டத்தைப் பிடுங்க வைத்தது. அங்கே கெடுபிடி செய்தது எந்தச் சங்கமும் இல்லை. 2019இல் மாநிலம் சட்டம் போட்ட பிறகுதான் மறுபடி நட முடிந்தது. நீங்கள் பார்த்திருப்பது எல்லைக்கு வெளியே. டெக்சாஸில் கவுண்டிகளுக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எந்த நிலத்தில் எது வரலாம் என்று மண்டலம் பிரிக்கும் அதிகாரம் பொதுவாகக் கிடையாது. நீங்கள் முன்னால் முருங்கை வைக்கலாம் (குளிருக்குத் தாங்குமா என்பது வேறு கதை). அதேபோல் பக்கத்து நிலத்துக்காரர் ஆர்வி பார்க் (வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) வைக்கலாம்.

அப்புறம் மண். உங்கள் மனைவி எந்த ஊரோ, கோவில்பட்டிப் பக்கம் என்றால் பார்த்ததும் சொல்லிவிடுவார். பான்ஹம் இருக்கும் கவுண்டியில் பெரும்பகுதி கரிசல். வெயிலுக்கு வெடித்துப் பிளக்கும், மழைக்கு உப்பும், வீட்டு அஸ்திவாரத்தை ஆட்டிப் பார்க்கும். தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது என்பதால் சாதாரண செப்டிக் டேங்க் அங்கே பல இடங்களில் சரிவராது. காற்று செலுத்திச் சுத்தம் செய்து புல்லில் தெளிக்கும் ‘ஏரோபிக்’ வகைதான் இருக்கும். குளோரின் மாத்திரை போட வேண்டும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பொரித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கிணற்று நீர் என்றால் வருடாவருடம் பரிசோதனை உங்கள் பொறுப்பு. தனியார் கிணற்றை மத்திய அரசு கண்காணிப்பதில்லை. ரோடு கவுண்டியுடையதா தனியாருடையதா என்று கேளுங்கள். தனியார் என்றால் பராமரிப்பு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பு நிலையம் ஐந்து மைலுக்கு அப்பால் இருந்தால் இன்சூரன்ஸ் எகிறும். ஆகவே விலை பேசுவதற்கு முன் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள்.

இதையெல்லாம் பணம் கொடுத்துச் சமாளித்துவிடலாம். அக்கம்பக்கத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வார இறுதியில் மரக்கழிவைப் போட்டுக் கொளுத்துவார். தெற்குக் காற்று அடித்தால் புகை முழுக்க எங்கள் சமையலறைக்குள். புகார் எழுத ஒரு சங்கம் இல்லை. கவுண்டியில் வெளியே தீ மூட்டத் தடை இல்லாத நாளில் சட்டமும் பெரும்பாலும் அவர் பக்கம். நேரே போய்ச் சொன்னேன். “உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதே” என்றார். இப்போது கொளுத்துவதற்கு முன் ஒரு மெசேஜ் வரும். பதிலுக்கு, அவர் ஊரில் இல்லாதபோது மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதிரிப் போய்ப் பேசுவது உங்களுக்கு வருமா என்று யோசியுங்கள். குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வருடக்கணக்காக ஓட்டிவிடலாம், இங்கே முடியாது.

உங்கள் மனைவி தயங்குவது விசாவை நினைத்து என்றால் அவர் பக்கம்தான் நானும். முன்பணமே வேண்டாத யுஎஸ்டிஏ (மத்திய வேளாண் துறை) கிராமப்புறக் கடன் உங்கள் விசாவுக்குக் கிடையாது; மத்திய அரசின் உத்தரவாதம் உள்ள எஃப்ஹெச்ஏ கடனும் 2025 மே கடைசியிலிருந்து கிடையாது. சாதாரண வங்கிக் கடன்தான் வழி. வேலை போனால் நீங்கள் இந்த நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள். ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் வீடு அதற்குள் விற்றுவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். சில மாதத் தவணை கையில் இருந்தால் இறங்குங்கள், இல்லையென்றால் ஒரு வருடம் பொறுங்கள்.

இறங்குவதானால் ஒப்பந்தத்தில் ஆப்ஷன் பீரியடை (காரணம் சொல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளக்கூடிய அவகாசம்) ஒரு வாரத்தோடு விட்டுவிடாமல் பத்து நாளாவது கேளுங்கள். தண்ணீர் ரிசல்ட் வர, செப்டிக் ஆள் வர, பத்திர நகலைப் படிக்க அவ்வளவாவது வேண்டும். அதற்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் போய் அந்த ரோட்டில் நடந்து பாருங்கள். யாராவது கை காட்டினால் நின்று பேசுங்கள்.