பெட்டி வேண்டாம், அட்டைகள் இருக்கட்டும்

கேள்வி: என் மகன் க.பொ.த. சாதாரண தரத்தில் படிக்கிறான். கனடாவில் இருக்கும் என் தம்பி சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஐஸ் ஹொக்கி, கிரிக்கெட் வீரர்களின் அட்டைகளை ஒரு தகரப் பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து மகனுக்கு அதே நினைவு. இப்போது வெளிநாட்டிலிருந்து, உள்ளே எந்த அட்டைகள் இருக்கின்றன என்று வெளியே தெரியாத, முத்திரை உடைக்காத ஒரு பெட்டி எடுப்பிக்க வேண்டும் என்கிறான். அதன் விலை எங்கள் ஒரு மாத வீட்டுச் செலவில் அரைவாசி. உள்ளே இருக்கும் ஓர் அட்டையே பின்னர் பல இலட்சத்துக்குப் போகும் என்று காணொளிகளைக் காட்டுகிறான். கணவரோ, “95 இல் வீடு நிறைய இருந்ததையே விட்டுவிட்டு நடந்தோம், இந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய், அடுப்பில் போடு” என்று ஏசுகிறார். நான் யாருடைய பக்கம் நிற்பது? மாரி காலத்தில் இவை பழுதாகாமல் வைத்திருக்க வழி உண்டா?
— ஒரு தாய், சுன்னாகம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மகன் அட்டை சேர்ப்பதைத் தடுக்க வேண்டாம். அவன் கேட்கும் பெட்டியை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். ஒன்றுக்கு இணங்கிவிட்டு மற்றதை மறுப்பது அவனுக்கு முரணாகத் தோன்றக்கூடும் என்பதால், மறுப்பதற்கான காரணத்தை அவனுக்கு விளங்கும்படி நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணம் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில், காணொளிகளில் அவன் பார்க்கும் விலைகள் பொய்யல்ல என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். மிக்கி மான்டில் என்ற அமெரிக்க பேஸ்போல் வீரருக்கு 1952 இல் டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டையொன்று 2022 ஓகஸ்டில் 12.6 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது. அதை விற்றவர் 1991 இல் 50,000 டொலருக்கு வாங்கியிருந்தார். அதே 2022 ஓகஸ்டில் ஹோனஸ் வாக்னர் என்ற இன்னொரு வீரரின் அட்டை 7.25 மில்லியன் டொலருக்குக் கைமாறியது. ஆனால் இவை ஏன் அந்த விலைக்குப் போயின என்பதைக் காணொளி எடுப்பவர்கள் நின்று விளக்குவதில்லை. வாக்னரின் அட்டை 1909 க்கும் 1911 க்கும் இடையில் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுக்கப்பட்ட தொடரைச் சேர்ந்தது; சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று சிலரும், பணம் தராததால் மறுத்தார் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள், எப்படியாயினும் அவர் மறுத்ததால் அச்சிடுவது இடையிலேயே நின்றுபோக, இன்று ஏறத்தாழ 60 பிரதிகளே இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. மான்டில் அட்டை அடங்கிய தொகுதி விளையாட்டுப் பருவத்தின் கடைசியில் வந்ததால் விற்காமல் தேங்கிக் கிடந்தது; 1960 இல் அந்த மிச்சத்தைத் தோணியில் ஏற்றிச் சென்று அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக அதை வடிவமைத்தவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விற்றுப்போன அட்டைகளையும் அக்காலச் சிறுவர்கள் சைக்கிள் கம்பிகளில் செருகியும் றப்பர் வளையத்தால் இறுகக் கட்டியும் சிதைத்தார்கள். வீடு துப்பரவு செய்த தாய்மார் எஞ்சியவற்றை எறிந்தார்கள். இவை பெறுமதியான பொருள்கள் என்று அன்று ஒருவரும் நினைக்காததே இன்று அவை அரிதாக இருப்பதற்குக் காரணம்.

இதற்கு நேர் எதிரானது 1980 களின் பிற்பகுதியில் நடந்தது. பழைய அட்டைகளின் விலை செய்தியாக வரத் தொடங்கியதும், பெரியவர்களும் பிள்ளைகளும் எதிர்காலத்துக்கென்று பெட்டி பெட்டியாக வாங்கி, உடைக்காமல் அலுமாரிகளில் அடுக்கினார்கள். நிறுவனங்களும் கேட்குமளவுக்கு அச்சிட்டுக் கொடுத்தன. அந்த ஆண்டுகளின் பெரும்பாலான அட்டைகளை இன்று சில்லறைக் காசுக்கு வாங்கலாம். எல்லோரும் ஒரே நம்பிக்கையில் பத்திரப்படுத்தியதால் எல்லாமே பத்திரமாக இருக்கின்றன. ஆகவே எதுவுமே அரிதாகவில்லை. உங்கள் மகன் வாங்க விரும்பும் பெட்டியையும் உலகெங்கும் எத்தனையோ பேர் இதே கணக்கோடு வாங்கி வைத்திருப்பார்கள் என்பதை அவனிடம் சொல்லுங்கள்.

இந்த அனுபவத்திலிருந்து நிறுவனங்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டன. இப்போது அவை அரிதான அட்டைகளைத் தாமே திட்டமிட்டு உண்டாக்குகின்றன: வீரரின் கையெழுத்துள்ளவை, அவர் அணிந்த சட்டையின் துண்டு பதித்தவை, பத்தே பிரதிகள் என்றும் ஒரே பிரதி என்றும் இலக்கமிட்டவை என்று பல வகை. அவற்றில் ஒன்று எத்தனை பொதிக்கு ஒருமுறை வரக்கூடும் என்ற விகிதத்தைப் பெரும்பாலும் உறையிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த விகிதத்தைக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கும் வேலையை மகனிடமே கொடுங்கள். சாதாரண தரக் கணிதத்தில் நிகழ்தகவு படிக்கும் பிள்ளைக்கு அது கடினமாக இராது. உடைக்காத பெட்டி என்பது அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகம் போன்றது, காணொளியில் வருபவர்கள் பரிசு விழுந்தவர்கள். சிலர் விழாத பெட்டிகளையும் காட்டுவதுண்டு. அவற்றை யாரும் பகிர்வதில்லை.

நல்ல அட்டையே வந்தாலும், விலைப்பட்டியலில் உள்ள தொகை அப்படியே உங்கள் கைக்கு வராது. பெரிய விலைக்கு விற்பதாயின், பி.எஸ்.ஏ. போன்ற ஒரு தர நிர்ணய நிறுவனத்துக்கு அதை அனுப்ப வேண்டும். அவர்கள் படம் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு எப்படி இருக்கின்றன என்று பார்த்து 1 முதல் 10 வரை புள்ளியிட்டு, வன்மையான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சுன்னாகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்வரும் தபால் செலவு, காப்புறுதி, தரக்கட்டணம், விற்பனைத் தளத்தின் தரகு, திரும்பி வரும்போது சுங்கத்தில் எழக்கூடிய கேள்விகள் எல்லாவற்றையும் கழித்தால், நடுத்தர விலையுள்ள அட்டைகளில் மிஞ்சுவது மிகக் குறைவு. எனவே பணம் செலவழிப்பதானால், தனக்குப் பிடித்த ஒரு வீரரின் ஒரேயொரு அட்டையை, என்ன வருகிறது என்று தெரிந்தே, தன் சேமிப்பிலிருந்து வாங்கட்டும். விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், ஏற்கெனவே விற்று முடிந்தவற்றின் தொகையைப் பார்க்கப் பழக்குங்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம் அவனை வியக்க வைக்கும்.

உங்கள் தம்பி கொண்டுவந்தவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவில் டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைகள் 2015 முதல் அப்பர் டெக் நிறுவனத்தோடு சேர்ந்து ஹொக்கி அட்டைகளை விற்றுவருகின்றன; அங்குள்ள நம் உறவுகளின் வீடுகளில் அவை சேர்ந்திருப்பது இயல்பு. அவை பெருந்தொகையாக அச்சிடப்பட்டவை, அழகானவை, பெரும்பாலும் விலை குறைந்தவை. ஹொக்கி அட்டைகளில் புகழ்பெற்றது வேன் கிரெட்ஸ்கி என்ற கனேடிய வீரர் விளையாட வந்த காலத்தில், 1979 இல், ஓ-பீ-சீ என்ற கனேடிய நிறுவனம் வெளியிட்டது. குறையே இல்லாத ஒரு பிரதி 2021 இல் 3.75 மில்லியன் டொலருக்குப் போனது. தகரப் பெட்டிக்குள் அப்படியொன்று இருக்குமா என்று தேடுவதைவிட, பனியைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளை அட்டையின் பின்புறத்தை வாசித்து ஒரு புதிய விளையாட்டின் விதிகளையும் ஊர்களையும் அறிந்துகொள்கிறான் என்பதையே நான் பெரிதாக எண்ணுவேன்.

கிரிக்கெட்டுக்கு வந்தால் அவன் இன்னும் உறுதியான நிலத்தில் நிற்கலாம். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896 இலேயே 50 கிரிக்கெட் வீரர்களின் அட்டைகளைச் சிகரெட்டோடு வெளியிட்டது. பிளேயர்ஸ் நிறுவனம் 1930, 1934, 1938 ஆம் ஆண்டுகளில் அச்சிட்ட தொடர்கள் இன்றும் விரும்பிச் சேர்க்கப்படுகின்றன. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1940 இல் அந்த வழக்கம் பிரித்தானியாவில் நின்றது. பிராட்மனின் படம் இருந்தும் அந்த 1930 களின் அட்டைகள் பல சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. இன்னொரு வழியும் உண்டு, அதற்குப் பணமே வேண்டாம். இன்றைய அட்டைகள் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டவை. தன் பாடசாலை அணியினரின் அனுமதியோடு படமெடுத்து, அந்த அளவில் தடித்த தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் சரிபார்த்து எழுதி அவனே ஒரு தொடரை உருவாக்கலாம். 2024 இல் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். விளையாடிய வியாஸ்காந்த்தும் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானத்திலிருந்து போனவர்தான்.

இனி, பாதுகாப்பு. நம் ஊரில் அட்டைகளுக்கு முதல் எதிரி ஈரப்பதம், அதிலும் ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி. பளபளப்பான உலோகப் பூச்சுள்ள அட்டைகள் அந்த மாதங்களில் வில்லாக வளைவதை மகன் கண்டிருப்பான். அடித்தாள் ஈரத்தை உறிஞ்சி விரிய, மேலே உள்ள பூச்சு விரியாமல் நிற்பதே அதற்குக் காரணம். தகரப் பெட்டி துருப்பிடிக்கும் என்பதால் அதை மாற்றி, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியொன்றை எடுத்து, சப்பாத்துப் பெட்டிகளுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றை உள்ளே போடுங்கள். அவையும் ஈரத்தால் நிரம்பிப்போகும், ஆகையால் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். மழை நாளில் பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர்க்கட்டும். ஓட்டுக்குக் கீழே பரணிலும், நிலத்தோடு ஒட்டியும், மழை நனைக்கும் வெளிச்சுவரோடும் வைக்காமல், அறையின் உட்சுவரோரம் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். வெயில் படும் இடத்தில் மை வெளிறிவிடும்.

ஒவ்வோர் அட்டையும் முதலில் மெல்லிய உறைக்குள்ளும், முக்கியமானவை அதற்கு மேல் வன்மையான உறைக்குள்ளும் போக வேண்டும். மற்றவற்றை ஒன்பது அறையுள்ள தாள்களில் இட்டுக் கோப்பில் வைக்கலாம். பொலிப்புரப்பிலீன் என்று குறித்திருக்கும் தாள்களாகத் தேர்ந்தெடுங்கள். மென்மையாகவும் மணமாகவும் இருக்கும் பிவிசி உறைகளிலிருந்து காலப்போக்கில் கசியும் பொருள் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பசையுள்ள பழைய வகைப் புகைப்பட அல்பம், றப்பர் வளையம், செலோடேப் மூன்றும் ஆகா. எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்ல வேண்டியது லமினேட் செய்வதைப் பற்றி: சான்றிதழ்களையும் பிறப்புப் பத்திரங்களையும் லமினேட் செய்து பழகிய நாம், நல்ல எண்ணத்தோடு இவற்றையும் கடைக்குக் கொண்டுபோய்விடுவோம், வெப்பத்தில் ஒட்டிய பிறகு அட்டையை மீட்க முடியாது. இராமபாணப் பூச்சியும் கறையானும் காகிதத்தைத் தேடி வரும், அதனால் பெட்டியை மாதமொருமுறை திறந்து சோதிக்க வேண்டும். ஆனால் உடுப்புகளுக்கிடையே வைக்கும் நப்தலின் உருண்டைகளை உள்ளே போடாதீர்கள், அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

மாற்றிக்கொள்ளும் பழக்கம் இந்தப் பொழுதுபோக்கின் உயிர், அதை வகுப்புத் தோழர்களோடு வைத்துக்கொள்ளட்டும். தன்னைவிடச் சிறியவனிடம் மாற்றும்போது இரண்டு அட்டைகளின் பெறுமதியையும் சொல்லிவிட்டு மாற்றட்டும். இணையத்தில் அறிமுகமில்லாத பெரியவர்களோடு பேரம் பேசுவது, வீட்டு முகவரி கொடுப்பது, வங்கி அட்டை இலக்கம் கொடுப்பது எதுவும் உங்களுக்குத் தெரியாமல் நடக்கக்கூடாது.

உங்கள் கணவரின் கோபத்தைக் கஞ்சத்தனமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் பொருள்களின் மேல் நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை. அந்த இடப்பெயர்வில் எத்தனை வீடுகளின் புகைப்படங்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் தொலைந்தன என்பதையும் அவர் அறிவார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெரும் போர், பொன் அணிகளின் போர் போன்ற கிரிக்கெட் போட்டிகளின் பழைய மலர்களும் அணிப் படங்களும் இன்று எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கின்றன? நம் மண்ணில் உண்மையாகவே அரிதானவை அவைதான், அவற்றை எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் வாங்க முடியாது. பழைய மாணவர்களான உறவினரிடம் கேட்டு அவற்றை இரவல் வாங்கி, ஒளிவருடிப் பிரதியெடுத்து, மூலத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையில் தகப்பனையும் மகனையும் சேர்த்துவிடுங்கள். படத்தில் நிற்பவர் யார் என்று சொல்ல ஒருவர் வேண்டும், அதைக் கொப்பியில் எழுத ஒருவர் வேண்டும். படத்தின் பின்புறத்தில் மட்டும் பேனையால் எழுத வேண்டாம்.

பரீட்சை முடியும்வரை வார இறுதியில் ஒரு பொழுது போதும் என்று மகனோடு பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் தம்பிக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்: அடுத்த முறை வரும்போது அட்டைப் பெட்டி எதுவும் வேண்டாம், மெல்லிய உறைகளும் ஒன்பது அறைத் தாள்களும் கொண்டுவந்தால் போதும்.