கஞ்சா எண்ணெய் வலிப்புக்குக் கேட்குமா? நரம்பியல் மருத்துவர் பதில்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்: பையனுக்கு 6 வயது, லெனாக்ஸ் கஸ்டாட் வலிப்பு. மூன்று மருந்து கொடுத்தும் தினம் நாலைந்து தடவை விழுகிறான். கஞ்சா எண்ணெய் கேட்குமா டாக்டர்?

கேட்கலாம் அம்மா. ஆனால் கண்ட எண்ணெயும் இல்லை. கஞ்சாவில் போதை தருவது டிஹெச்சி, போதை தராதது சிபிடி. சிபிடியை மட்டும் பிரித்தெடுத்த எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்துக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. உங்கள் பையனுக்கு இருக்கும் வலிப்புக்கும் டிராவெட் என்ற இன்னொரு வகை வலிப்புக்கும்தான் முதலில் கொடுத்தார்கள். பலருக்கு வலிப்பின் எண்ணிக்கை குறையும், அடியோடு நிற்பது சிலருக்கே.

எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். பையன் 18 கிலோ என்றால் நாளுக்கு 90, அதையும் இரண்டு வேளையாக. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறான் என்றால் ஈரல் பரிசோதனை கட்டாயம். குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்ந்தால் வகுப்பில் பெஞ்சிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுவான்.

அதே எண்ணெய் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே?

அமெரிக்காவில் ஆன்லைனில் விற்ற 84 சிபிடி சரக்குகளை வாங்கிச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26-ல்தான். 18-ல் டிஹெச்சி இருந்தது. குழந்தைக்கு இதையா கொடுப்பீர்கள்?

திருத்துறைப்பூண்டி: அப்பாவுக்குப் பார்க்கின்சன், டீ டம்ளர் பிடிக்க முடியவில்லை. கஞ்சா இலையைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். நடுக்கத்துக்குக் கேட்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி விழுவார், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிவார்கள். பார்க்கின்சன் மாத்திரையான லெவோடோபாவைப் பருப்பு சாதத்தோடு போடுகிறாரா என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் நன்றாகப் பிடிக்கும்.

கும்பகோணம்: வைத்தியத்துக்கென்று கொல்லையில் இரண்டு செடி வைக்கலாமா?

கூடவே கூடாது. உரிமம் இல்லாமல் வளர்த்தால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

சீர்காழி: எண்ணெய் தொடங்கியதும் பழைய மாத்திரையை நிறுத்திவிடலாமா சார்?

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். சிபிடி பழைய மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது, அதற்குப் பதில் இல்லை. என்னிடம் வரும் தம்பி ஒருவர் யாரோ கொடுத்த எண்ணெயை நம்பி மாத்திரையைச் சட்டென்று விட்டுவிட்டார். ஒன்பதாம் நாள், குறுவை நடவு நேரம், வாய்க்காலில் முகம் கழுவக் குனிந்தபோது வலிப்பு வந்துவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர்தான். நாற்றுக்கட்டு சுமந்து வந்த பெண்கள் பார்த்து இழுத்துப் போட்டார்கள். இப்போது பழைய மாத்திரைதான் சாப்பிடுகிறார்.