புதிய பயிற்சியாளரின் முதல் சீசன்: சிகாகோ பேர்ஸ் அணியில் எதைப் பார்ப்பது, எப்போது பணம் கட்டுவது?

சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் வசிக்கும் வாசகர் ஒருவர், 2025 சீசன் தொடங்கும் முன் கேட்டது: "என் மகனுக்கு சிகாகோவின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பேர்ஸ் என்றால் உயிர். பென் ஜான்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்ததிலிருந்து, 2025 சீசனில் எல்லாம் மாறிவிடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு பயிற்சியாளர் மாறுவதால் அவ்வளவு மாற்றம் வருமா என்பது புரியவில்லை. சீசன் டிக்கெட்டுக்கு இப்போதே பணம் கட்டலாமா? மாற்றம் உண்மையானதுதானா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?"

அப்போது நான் எழுதிய பதில் இது. முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது கட்ட வேண்டாம். செப்டம்பரில் நான்கு ஆட்டங்கள் முடிந்ததும், ஐந்தாவது வாரத்தில் பேர்ஸ் அணிக்கு ஓய்வு வருகிறது. அதுவரை தொலைக்காட்சியில் பாருங்கள். ஆனால் எத்தனை வெற்றி என்று எண்ணிக்கொண்டு பார்க்காதீர்கள். புதிய பயிற்சியாளரை அளக்க அந்தக் கணக்கு மிகவும் மோசமான அளவுகோல்.

பயிற்சியாளருக்கு இங்கே ஏன் இத்தனை முக்கியத்துவம் என்ற கேள்வி நியாயமானது. கிரிக்கெட்டில் களத்துக்குள் இறங்கிய பிறகு முடிவெடுப்பவர் கேப்டன். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்பும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை மைதானத்தின் ஓரத்திலிருந்து வருகிறது. பந்தின் ஒரு நகர்வு முடிந்து அடுத்ததைத் தொடங்கப் பெரும்பாலும் 40 விநாடிகள்தான் உண்டு. குவார்ட்டர்பேக்கின் (பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சியாளர் பேசலாம். கடிகாரம் 15 விநாடியைத் தொட்டதும் அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். அதற்குள் கட்டளை போய்ச் சேர்ந்து, பதினொரு பேரும் தத்தம் இடத்தில் நின்றிருக்க வேண்டும். கட்டளை ஐந்து விநாடி தாமதித்தால், எதிரணியின் நிலையைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்திக்கொள்ள குவார்ட்டர்பேக்குக்கு நேரமே இருக்காது. இந்த சீசனில் அந்தக் கட்டளையை ஜான்சன் தாமே சொல்லப்போகிறார்.

2024-இல் பேர்ஸ் எங்கே சறுக்கியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு வெற்றி, இரண்டு தோல்வி என்று நன்றாகத் தொடங்கிய அணி, அதன்பின் தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோற்று, 5-12 (5 வெற்றி, 12 தோல்வி) என்ற கணக்கில் சீசனை முடித்தது. 2024 நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங் நாளன்று டெட்ராய்ட்டில் நடந்ததை மகனிடம் கேட்டால் இன்றும் வரிவரியாகச் சொல்வான். 20-23 என்று பின்தங்கியிருந்தபோது, ஏறக்குறைய அரை நிமிடம் மீதமிருக்கையில் பேர்ஸ் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் பந்தோடு வீழ்த்தப்பட்டார். கடிகாரத்தை நிறுத்த உதவும் டைம்-அவுட் ஒன்று கையில் இருந்தும், அன்றைய தலைமைப் பயிற்சியாளர் மாட் எபர்ஃப்ளஸ் அதைக் கேட்கவில்லை. அணி மெல்ல வரிசைக்குத் திரும்பி அடுத்த நகர்வைத் தொடங்கியபோது சில விநாடிகளே எஞ்சியிருந்தன. எறிந்த பந்து தரையில் விழுந்தது, நேரமும் முடிந்தது. மறுநாளே எபர்ஃப்ளஸ் நீக்கப்பட்டார். சீசன் நடுவே தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அந்த அணியின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

ஆகவே உங்கள் கண் முதலில் போக வேண்டிய இடம் கடிகாரம். முதல் பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் அணி பதறுகிறதா, டைம்-அவுட்டுகளை வீணாக்குகிறதா, வீரர்கள் ஓரத்தைப் பார்த்துக் கைவிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். ஜான்சனுடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை அவர் ஏற்பது இதுவே முதல் முறை என்பதால், நேரத்தைக் கையாளும் விஷயத்தில் அவர் இன்னும் நிரூபிக்க வேண்டியவராகவே இருக்கிறார். அணியின் பழைய நோயும் அதுதான் என்பதால் இதை முன்னே வைக்கிறேன்.

அவர் நிரூபித்துவிட்ட கலை வேறு. 2022 முதல் 2024 வரை டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர் அவர். 2024 சீசனில் அந்த அணி 564 புள்ளிகள் குவித்து லீக்கிலேயே முதலிடம் பெற்றது. அவருடைய பாணியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காட்சி போதும். 2024 டிசம்பர் 22 அன்று, இதே சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில், பேர்ஸ் அணிக்கு எதிராக லயன்ஸ் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் பந்தை வாங்கிப் பின்வாங்கும்போது தடுமாறுவதுபோல நடித்தார்; அருகில் இருந்த சக வீரர் ஜமீர் கிப்ஸ் விழுவதுபோல நடித்தார். பந்து தவறிவிட்டது என்று எண்ணிப் பேர்ஸ் தடுப்பாளர்கள் முன்னே பாய, அவர்களுக்குப் பின்னால் தனியே நின்ற லயன்ஸ் வீரர் சாம் லபோர்ட்டாவின் கையில் பந்து விழுந்து டச்டவுன் (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளிகள்) ஆயிற்று. அடுத்த மாதமே அந்தத் தந்திரத்தை வகுத்தவரைப் பேர்ஸ் நிர்வாகம் தன் பக்கம் அழைத்துக்கொண்டது.

அந்தத் தந்திரம் பலித்ததற்குக் காரணம் நடிப்பு மட்டும் அல்ல. ஓடப்போகிறார்களா, எறியப்போகிறார்களா என்று எதிரணி கடைசி நொடிவரை குழம்பும்படி, இரண்டையும் ஒரே தோற்றத்தில் தொடங்குவதுதான் ஜான்சனுடைய அடிப்படை. அதற்கு குவார்ட்டர்பேக் அடிக்கடி சென்டருக்கு (பந்தைப் பின்னால் தந்து நகர்வைத் தொடங்கும் வீரர்) நேர் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்க வேண்டும். சில கஜம் தள்ளி நின்றே பந்தை வாங்கிப் பழகிய வில்லியம்ஸுக்கு இது புதிய பாடம். முதல் ஆட்டங்களில் தடுமாற்றம் இருந்தால் திகைக்க வேண்டாம். வாரம் செல்லச் செல்ல அது குறைகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது சேக் எண்ணிக்கை, அதாவது குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படும் எண்ணிக்கை. 2024 சீசனில் வில்லியம்ஸ் 68 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். லீக்கிலேயே அதுதான் அதிகம். இதைக் குறைக்க நிர்வாகம் தாராளமாகவே செலவழித்திருக்கிறது: ஜோ துனி, ஜோனா ஜாக்சன் இருவரையும் பிற அணிகளிடமிருந்து பெற்றது, அட்லாண்டாவின் ட்ரூ டால்மனை சென்டராக ஒப்பந்தம் செய்தது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் நடுப்பகுதி முழுவதுமே புதியது. ஆனால் அந்த 68-இல் ஒரு பகுதி, பந்தை விடாமல் வைத்திருந்த இளைஞரின் கணக்கிலும் சேர வேண்டும் என்பது என் கருத்து. பந்து கைக்கு வந்ததும் மனத்துக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள். மூன்றுக்குள் பந்து பறக்கத் தொடங்கினால் பாடம் ஏறுகிறது என்று பொருள். தடுப்பாட்டத்தை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் டென்னிஸ் ஆலன் பார்த்துக்கொள்கிறார்; அங்கே எனக்குப் பெரிய கவலை இல்லை.

வெற்றிக் கணக்கை நம்ப வேண்டாம் என்றதற்குக் காரணத்தை இந்த அணியின் வரலாறே தருகிறது. 2018-இல் மாட் நேகி முதல் சீசனிலேயே 12-4 என்று வென்று, ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் பெற்றார். அடுத்த இரண்டு சீசன்கள் 8-8, அதற்கடுத்தது 6-11, பிறகு வேலையே போயிற்று. மாறாக, ஜான்சன் பணியாற்றிய டெட்ராய்ட்டில் டான் கேம்பெல் 2021-இல் 3-13-1 (கடைசி எண் சமநிலை) என்றுதான் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் அது 15-2 ஆயிற்று. இந்த முறை பேர்ஸ் அணியின் தொடக்கமும் கடினமானது. செப்டம்பர் 8 அன்று சோல்ஜர் ஃபீல்டில் மின்னசோட்டா வைக்கிங்ஸ், 14 அன்று டெட்ராய்ட்டில் லயன்ஸ். 2024-இல் முறையே 14-3, 15-2 எடுத்த அணிகள். இரண்டிலும் தோற்றாலும், நான் மேலே சொன்னவை சரியாக இருந்தால் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. அதன்பின் டாலஸ் அணி சிகாகோவிலும், ரெய்டர்ஸ் அணி லாஸ் வேகஸிலும் எதிரே வருகின்றன. கற்றது பதிந்திருக்கிறதா என்பது அந்த இரண்டில் தெரியும்.

சீசன் டிக்கெட்டைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சோல்ஜர் ஃபீல்டில் கணிசமான இருக்கைகளுக்கு டிக்கெட் விலைக்கு மேல் இருக்கை உரிமத்துக்கும் (அந்த இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் உரிமை) தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதே சமயம், ஆர்லிங்டன் ஹைட்ஸில் பழைய குதிரைப் பந்தய மைதானத்தின் நிலத்தை 2023-இல் ஏறத்தாழ 197 மில்லியன் டாலருக்கு வாங்கிய நிர்வாகம், 2025-இல் அங்கே புதிய அரங்கம் கட்ட விரும்பியது. அணி இடம் மாறினால் நீங்கள் வாங்கும் உரிமம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல், பல ஆண்டுகளுக்கான தொகை எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

மகனை ஒரு ஆட்டத்துக்காவது அழைத்துப் போக வேண்டும் என்றால், அக்டோபர் 19 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியுடன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். டிசம்பர் 20-இல் வரும் கிரீன் பே ஆட்டத்துக்குத்தான் அவன் ஆசைப்படுவான். ஆனால் அதற்கு விலையும் அதிகமாக இருக்கும், மிச்சிகன் ஏரிக் காற்றின் குளிரும் சிறுவனுக்குக் கடுமை. அக்டோபரில் குளிர் தாங்கக்கூடியது, எதிரணி பெரிய பெயர் அல்ல என்பதால் இருக்கையும் எளிதில் கிடைக்கும். ஓய்வு வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.