இயற்பியல் ஆவணப்படங்களில் நல்லதை எப்படித் தேடிப் பிடிப்பது?

குவாண்டம், கருந்துளை என்று தேடினால் வந்து கொட்டுகிற படங்களில் உருப்படியானதை எப்படிப் பிரித்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பையும் பார்த்தவர்கள் போடும் நட்சத்திர மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு விஷயத்தைச் சொல்வதோடு விடாமல், அது எப்படித் தெரியவந்தது என்பதையும் படம் காட்டுகிறதா? பத்து நிமிடம் ஓடியும் ஒரு கருவியோ பரிசோதனையோ கண்ணில் படாமல், கிராஃபிக்ஸ் விண்மீன்களும் அதிரும் இசையுமாகவே போனால் மூடிவிடுவேன்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது 1960-ல் வந்த 'ஃப்ரேம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்'. கறுப்பு வெள்ளைப் படம், அரை மணி நேரம்கூட இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஹியூம், ஐவி இருவரும் நடத்துகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே ஒருவர் தலைகீழாகத் தெரிகிறார். யார் தலைகீழ் என்று இருவருக்கும் வாக்குவாதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத் தீர்க்கிறார்கள். அப்புறம் ஒரு சுழலும் மேடை. அதன்மேல் உராய்வே இல்லாமல் வழுக்கும் வட்டு, வெளியே நிற்கும் கேமராவுக்கு நேர்கோட்டில் போகிறது. மேடையோடு சேர்ந்து சுழலும் கேமராவில் அதே வட்டு, எதுவும் தள்ளாமலே, வளைந்து போகிறது! சுழலும்போது நம்மை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு விசையைப் 'போலி விசை' என்று ஏன் சொல்கிறார்கள் என்பது பாடப்புத்தகத்தில் எனக்குப் பிடிபட்டதே இல்லை. இதில் பிடிபட்டது.

புதியவற்றில் 'பார்ட்டிகிள் ஃபீவர்' (2013). மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் துகளைத் தேடிய கதை. இயக்குநர் மார்க் லெவின்சன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2008-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கியில், குளிரூட்டப் பயன்படும் ஹீலியம் கசிந்து வேலை ஓராண்டுக்கும் மேல் நின்றுபோனதையும் மறைக்காமல் காட்டுகிறார். இன்னொரு சுவாரசியம், துகளின் நிறை. 115 ஜிஇவி (துகள் நிறையை அளக்கும் அலகு) பக்கம் வந்தால், ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்னும் மீச்சமச்சீர்க் கோட்பாட்டுக்காரர்களுக்குச் சாதகம், 140 பக்கம் வந்தால், நம்முடையது பல பிரபஞ்சங்களில் ஒன்று என்னும் பல்பிரபஞ்சக்காரர்களுக்கு. வந்ததோ ஏறத்தாழ 125. இரு தரப்புக்கும் கொண்டாட முடியவில்லை.

'காஸ்மோஸ்' (1980) எல்லோரும் சொல்வதுதான். பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் குச்சியின் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதை வானியலாளர் கார்ல் சேகன் விளக்கும் முதல் பகுதி ஒன்றுக்காகவே பார்க்கலாம்.

தேடும்போது 'பிரபஞ்ச மர்மம்' மாதிரிச் சொற்களைப் போடாதீர்கள்; பேய்ப்படம் மாதிரிதான் வரும். லைகோ (ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் கருவி), வாயேஜர் (வெளிக்கோள்களுக்குப் போன விண்கலங்கள்) என்று கருவி அல்லது திட்டத்தின் பெயரைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஆளைப் பிடியுங்கள். ஜிம் அல்-கலீலி கோட்பாட்டு இயற்பியலாளர். 'ஆட்டம்' (2007), மின்சாரத்தின் கதையைச் சொல்லும் 'ஷாக் அண்ட் ஆ' (2011) இரண்டும் மும்மூன்று பகுதிகள், இரண்டுமே நன்றாக இருக்கும். வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று தெரிந்தது 1998-ல். ஈர்ப்பு அலையை, அதாவது வெளியும் காலமும் அதிர்ந்து பரவும் அலையை, முதலில் பிடித்தது 2015-ல். அதற்கு முந்தைய படங்களில் இவை இருக்காது. அடிப்படை இயக்கவியலுக்கு ஆண்டு பெரிதாகப் பொருட்டில்லை.

சமன்பாட்டைக் கண்டால் ஓடாதவர் என்றால், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் எடுத்த 'தி மெக்கானிக்கல் யூனிவர்ஸ்' இருக்கிறது. 1980-களில் எடுத்தது, அரை அரை மணி நேரமாக 52 பகுதிகள். சமன்பாட்டின் ஒவ்வொரு படியும் திரையில் அசைந்து நகர்வதால், பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும்.